நின்ற பாட்டில், படுத்த பாட்டில்

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாகத் தள்ளிப்போட்ட விஷயம் இது. எனக்கு எதையும் நம்பர் போட்டுச் சொன்னால்தான் நிம்மதி. நடந்தது இதுதான்:

1. பிரான்ஸிலிருந்து எங்கள் கம்பெனியின் முக்கிய வாடிக்கையாளர் ஆன்ரி மெயில் அனுப்பினார். செவ்வாய்க்கிழமை பெங்களூர் வருகிறேன், ஐந்து வருடத்துக்கு முன் நான் கொடுத்த மூன்று ஒயின் பாட்டில்களும் பத்திரமா என்று கேட்டிருந்தார்.

2. மிகவும் பத்திரம், வந்ததும் சேர்ந்து திறக்கலாம் என்று எங்கள் எம்.டி. பதில் போட்டார்.

3. பதில் போட்ட பிறகு பாட்டில்களைத் தேடினோம். இரண்டு இருந்தன.

4. மூன்றாவதை அட்மின் மேனேஜர் நாகராஜ் குடித்துவிட்டார் என்று மதியச் சாப்பாட்டுக்குள் ஆபீஸ் முழுக்கப் பேச்சு பரவியது.

5. அவர் குடிக்கவில்லை.

6. செவ்வாய்க்கிழமை மூன்றும் திறக்கப்பட்டன. அந்த மேஜையில் ஒரு பெண்ணின் வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது.

இனி விவரம்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: ஓசூர் ரோட்டில், தண்ணீர் பம்புகளுக்கு கன்ட்ரோல் போர்டு செய்யும் கம்பெனியில் டெஸ்ட் லேப் என் பொறுப்பு. புது போர்டைச் சூடான பெட்டிக்குள் வைத்து, குளிரவைத்து, மறுபடி சுடவைத்து, அவசர அவசரமாகக் கிழவியாக்குவேன். எத்தனை வருடம் உழைக்கும் என்று அதில் தெரியும். கம்பெனியின் பெயரைக் கேட்காதீர்கள். எம்.டி. படித்துவிடுவாரே என்று கவலையும் படாதீர்கள். அவர் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்பே மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்தது. வீட்டில் தமிழ்தான் பேசுவார். படிக்க மட்டும் தெரியாது. நாகராஜுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அவர் ராசிபலன் பக்கத்தைத் தாண்ட மாட்டார்.

ஆன்ரியின் அண்ணனுக்கு பிரான்ஸில் திராட்சைத் தோட்டம் இருந்தது. முதல் ஆர்டர் கையெழுத்தான அன்று, அந்தத் தோட்டத்து ஒயினில் மூன்று பாட்டில் கொண்டுவந்தார். மூன்றும் ஒரே வருடம், ஒரே பீப்பாய். நான் அப்போது டிரெய்னி. அறையின் ஓரத்தில் நிற்கும் தகுதிதான். ஆனாலும் அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. இப்போது திறக்காதீர்கள், இருட்டில் படுக்கவையுங்கள், ஐந்து வருடம் போனால் ஒயினும் பக்குவப்பட்டிருக்கும், உங்கள் போர்டும் ஐந்து வருடம் ஓடியிருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொண்டாடலாம் என்றார்.

எம்.டி. பலமாகத் தலையாட்டினார்.

அன்று மாலையே ஒரு பாட்டில் அவருடைய அறை ஷோகேஸுக்குப் போனது. படுத்து அல்ல. நின்று. ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்கும் கோல்ஃப் கோப்பைக்கும் நடுவில், மேலே இரண்டு ஹாலஜன் பல்பு, எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல். வருகிறவர்கள் எல்லோருக்கும் அது காட்டப்பட்டது. ஆடிட் வந்தபோது அதன் மேல் அசெட் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கணக்குப் பிரிவு, மேஜை நாற்காலியோடு சேர்த்து அதற்கும் வருடா வருடம் தேய்மானம் போட்டது. அப்போது எல்லோரும் சிரித்தோம். இப்போது யோசித்தால்... அந்தக் கட்டடத்திலேயே அந்தப் பாட்டிலின் எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது, மாடி கெஸ்ட் ரூம் ஃப்ரிட்ஜுக்குள் போனது. ஃபாரின் சரக்கு, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று எம்.டி.யின் உத்தரவு. நல்ல யோசனைபோல் இருக்கிறது, இல்லையா? ஒரு சின்ன சிக்கல். மின்சாரச் சிக்கனத்துக்காக சனிக்கிழமை மாலை மாடிக்கு மெயின் ஸ்விட்ச் அணைக்கப்படும். திங்கள் காலை போடப்படும். நடுவில் கரன்ட் போவது தனி. ஐந்து வருடமாக அந்தப் பாட்டில் வாரம் ஐந்தரை நாள் நடுங்கி, மீதி நாள் வியர்த்தது. என் லேபில் இதே வேலையைச் செய்ய ஜெர்மனியிலிருந்து வந்த மெஷின் இருக்கிறது. கெஸ்ட் ரூம் ஃப்ரிட்ஜ் அதை இலவசமாகச் செய்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

மூன்றாவதைப் பூட்டி வைக்கச் சொல்லி நாகராஜிடம் கொடுத்தார்கள். அதன் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை.

சரி, ஒரு பாட்டில் எங்கே நின்றால் என்ன? மூடித்தானே இருக்கிறது?

இதே கேள்வியை எம்.டி. வேறு ஒரு விஷயத்தில் என்னிடம் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கம்பெனியில் இரண்டு மாற்றம் நடந்தது. ஒன்று, ஈரோட்டிலிருந்து ரேவதி என்ற டிசைன் இன்ஜினியர் வந்து சேர்ந்தாள். வந்தவள் போர்டைச் சின்னதாக்கி, பாகங்களைக் குறைத்து, புதிதாக வரைந்துகொடுத்தாள். இன்னொன்று, ஸ்பேர் போர்டுகளை அடுக்கி வைக்கும் குடோன் பொம்மனஹள்ளிக்கு மாறியது. தகரக் கூரை. ஜன்னல் கிடையாது. கட்டடம் எம்.டி.யின் மைத்துனருடையது.

கொஞ்ச நாளில், மாற்றுக்காக அனுப்பிய ஸ்பேர் போர்டுகள் பிரான்ஸில் வரிசையாகப் பழுதாகிப் படுக்க ஆரம்பித்தன. இங்கேதான் கவனிக்க வேண்டும்: ரேவதி வரைந்த அதே போர்டில், தயாரிப்பு லைனிலிருந்து நேராக விமானம் ஏறியவை இன்றும் ஓடுகின்றன. குடோனில் பல மாதம் தங்கிப் போனவைதான் படுத்தன. மதியத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே தோசை வார்க்கலாம். விடியற்காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும். போர்டில் கெப்பாசிட்டர் என்று ஒரு பாகம் உண்டு. சின்ன டப்பா, உள்ளே கொஞ்சம் திரவம், வாயில் ரப்பர் அடைப்பு. தினமும் சூடேறி ஆறினால் அந்தத் திரவம் மெல்ல மெல்ல வெளியேறும்.

குடோனுக்குள் வெப்பமானி வைத்து, ஏறி இறங்கும் கோடு போட்டு, எம்.டி. முன் வைத்தேன். அவர் அதை மரியாதையாகப் பார்த்தார்.

"போர்டு பெட்டிக்குள்ள தூங்கிண்டிருக்கும்மா. தூங்கறதுக்கு எதுக்கு ஏ.சி.?"

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் போர்டு தூங்கிக்கொண்டுதான் இருந்தது. என் கிராஃபில் ஒரு குறை. அதற்கு வாசனை கிடையாது.

ஆக, குற்றவாளி யார்? மைத்துனரின் கூரையா, ஈரோட்டுப் பெண்ணா? நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஆன்ரி வருவது அடுத்த மாடலை எங்களுக்குத் தருவதா, வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதா என்று முடிவு செய்ய. அவரிடம் காட்ட ஒரு 'திருத்த நடவடிக்கை' வேண்டும். டிசைன் தவறு, சம்பந்தப்பட்டவரை நீக்கிவிட்டோம் என்று சொன்னால் எவ்வளவு சுத்தமாக இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை ரேவதிக்கு அது தெரிந்துவிட்டது.

லேபுக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"ஊருக்குப் போனா எங்கப்பா அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சு வெச்சிருவாருங்க்கா. மாப்பிள்ளை ரெடி. சாயப்பட்டறை. என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னா அவங்க வீட்ல சந்தோசந்தான் படுவாங்க" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "டிசைன்ல தப்பு இருந்தா நானே போயிருவேங்க்கா. இல்லையே" என்றாள்.

இல்லை. ஆனால் அதை வாசனையோடு நிரூபிப்பது எப்படி?

சனிக்கிழமை அரை நாள் உட்கார்ந்து, ஒயினை எப்படி வைக்க வேண்டும் என்று இணையத்தில் தேடிப் படித்தேன். நான் குடிப்பதில்லை. ஆனால் படிக்கப் படிக்க, இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம் என்று புரிந்தது. சுருக்கமாக:

சூடு கூடினால் உள்ளே நடக்கும் ரசாயன மாற்றம் வேகம் பிடிக்கும். பத்து டிகிரி ஏறினால் வேகம் தோராயமாக இரட்டிப்பு என்று நாங்கள் லேபில் கணக்குப் போடுவோம். பன்னிரண்டு, பதினைந்து டிகிரியில் நிதானமாகப் பக்குவப்பட வேண்டியது, முப்பதில் வெந்துபோகும். அதைவிட மோசம் ஏற்ற இறக்கம். சூட்டில் திரவம் விரிந்து கார்க்கைத் தள்ளும். குளிரில் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். பாட்டில் மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒயின் கொஞ்சம் புளிக்கும். நிற்கவைத்தால் கார்க் காய்ந்து சுருங்கும். படுக்கவைத்தால் ஒயின் பட்டு ஈரமாகவே இருக்கும், அடைப்பு இறுக்கமாக நிற்கும். வெளிச்சம் வாசனையைக் கெடுக்கும். ஃப்ரிட்ஜ் மோட்டாரின் ஓயாத நடுக்கமும் அதற்கு ஆகாது.

ஒரு டப்பா, உள்ளே திரவம், வாயில் ஓர் அடைப்பு. கெப்பாசிட்டரேதான். கொஞ்சம் பெரிசு.

திங்கட்கிழமை எம்.டி.யிடம் போனேன். ஷோகேஸ் பாட்டிலை மட்டும் திறப்பதாக அவர் திட்டம். மூன்றையும் திறப்பதுதான் மரியாதை, அவர்கள் ஊரில் ஒன்றை மட்டும் திறந்தால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்கள் என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. எம்.டி.க்கும் தெரியாது. கஞ்சத்தனம் என்ற சொல் வேலை செய்தது.

"அதுசரி, எல்லாம் நன்னா இருக்குமில்லையா?" என்று மட்டும் கேட்டார். கேட்டவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "என்ன ஆகப் போறது? பாட்டில் சும்மாதானே நின்னுண்டிருக்கு."

மூன்றாவது எங்கே என்று நாகராஜைக் கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. நாகராஜ் பெங்களூர் மர்பி டவுன்காரர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். வருடா வருடம் மாலை போட்டு மலைக்குப் போகிறவர். அவரிடம் போய், நீங்கள் குடித்தீர்களா என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. பாட்டில் எங்கே சார் என்றேன்.

"மேடம், நோடி, நீங்களே பாருங்க" என்று விரல் மடக்கினார். "ரிசப்ஷன்ல பிள்ளையாரு. அக்கவுண்ட்ஸ்ல லட்சுமி. ஸ்டோர்ல சாமுண்டி. கேன்டீன்ல வெங்கட்ரமணா. எல்லா ரூம்லயும் நானேதான் படம் மாட்டி வெச்சிருக்கேன். அந்தச் சனியன எந்த சாமி கண்ணெதிர்ல வெக்கட்டும்? சர்வர் ரூம்ல மட்டும்தான் ஆணி அடிக்க விட மாட்டேங்கறாங்க. தூசி ஆகுமாம்."

"அதனால?"

"அதனால அங்க தரைக்கு அடியில போட்டுட்டேன்."

சர்வர் அறையில் ஒயர் போவதற்காகத் தரைக்கு மேல் இன்னொரு பலகைத் தரை இருக்கும். அவரே ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார். ஒயர்களுக்கு நடுவே, பழைய கன்னடப் பேப்பரில் பல அடுக்கு சுற்றி, கயிறு கட்டி, ஒரு பொட்டலம்.

ஏன் படுக்கவைத்தீர்கள் என்றேன். "நிக்க வெச்சா பலகை மூடல" என்றார். ஏன் பேப்பர் சுற்றினீர்கள்? "கண்ணுல பட வேணாம்னுதான். ஒயர் வேலைக்கு வர்ற பசங்க கண்ணுலயும்."

யோசித்துப் பாருங்கள். இருட்டு. படுக்கை. கரன்ட் போனாலும் யு.பி.எஸ்., அதுவும் போனால் ஜெனரேட்டர்... ஏ.சி. ஒரு நிமிடம்கூட நிற்காத ஒரே அறை. ஐந்து வருடமாகத் தொடாமல், ஆட்டாமல், எடுத்து யாரிடமும் காட்டாமல். இவ்வளவையும் சாதித்தது ஒயின் ஞானம் அல்ல. சுத்தமான வெறுப்பு.

செவ்வாய்க்கிழமை ஆன்ரி வந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார். கான்ஃபரன்ஸ் அறையில் எம்.டி., ஆன்ரி, நான், பாட்டில் திறக்க நாகராஜ். ரேவதி வெளியே தன் இருக்கையில். உட்கார்ந்ததும் எம்.டி. விஷயத்துக்கு வந்துவிட்டார். ஸ்பேர் போர்டுகள் படுத்தது டிசைன் தவறு, வரைந்த பெண்ணை இந்த மாதத்தோடு நீக்குகிறோம் என்றார். ஆன்ரி அதை எழுதிக்கொள்ளவில்லை. முதலில் ஒயின் என்றார்.

ஷோகேஸ் பாட்டிலின் கார்க் திருகியதும் பொடியாக உதிர்ந்தது. கிளாஸில் விழுந்தது செங்கல் பொடி கரைத்த நிறம். அறையில் அடிப்பிடித்த ஜாமின் வாடை. ஆன்ரி முகர்ந்துகொண்டிருக்கும்போதே எம்.டி. ஒரு வாய் பருகிவிட்டு, அபாரம், எவ்வளவு முதிர்ச்சி என்றார். ஆன்ரி தன் வாயில் இருந்ததை ஒரு டிஷ்யூ பேப்பரில் மெதுவாகத் துப்பினார்.

இரண்டாவதில் கார்க் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. லேபிளில் கறை வழிந்து பிசுபிசுத்தது. இதை முகரவே வேண்டாம். ஊறுகாய் ஜாடி திறந்ததுபோல் இருந்தது. எம்.டி. இந்த முறை ஆன்ரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வித்தியாசமாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது பேப்பர் பொட்டலத்திலிருந்து வெளியே வந்தது. கார்க் முழுசாக வந்தது. ஆன்ரி ஒரு மிடறு குடித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

தன் அண்ணன் போன வருடம் இறந்துவிட்டதாகச் சொன்னார். தோட்டத்தை விற்றாகிவிட்டது. இந்த மூன்று பாட்டிலும் அடைத்த வருடத்து ஒயினில் அவர் வீட்டிலேயே மிச்சம் ஏழெட்டு பாட்டில்தானாம். இங்கே மூன்று இருக்கிறது என்று நம்பி வந்திருக்கிறார்.

எனக்கு அது வரை இது ஒரு சோதனை. மூன்று மாதிரி, மூன்று இடம். அந்த நிமிடம் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். ஷோகேஸ், ஹாலஜன், மேற்கு ஜன்னல். கெஸ்ட் ரூம் ஃப்ரிட்ஜ், சனிக்கிழமை ஸ்விட்ச். சர்வர் அறைத் தரைக்கு அடி, எப்போதும் இருபது டிகிரி. இருபது டிகிரி கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஏறாமல் இறங்காமல் இருந்திருக்கிறது, அது போதும் என்றார். எழுந்து நாகராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்றார். நாகராஜ் பணிவாகத் தலையசைத்தார். பிறகுதான் கையைக் கழுவப் போனார்.

ஆன்ரி மறுபடி உட்கார்ந்து மூன்று கிளாஸையும் வரிசையாக நகர்த்தினார்.

"ஒரே ஆள் செய்தது. ஒரே பீப்பாய். அப்படியென்றால் தவறு என் அண்ணன் மேல் இல்லை" என்றார். பிறகு எம்.டி.யைப் பார்த்து, "என் போர்டுகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

பக்கத்தில்தான், கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் என்றார் எம்.டி. நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் கை குலுக்கப்பட்ட உற்சாகத்தில் இருந்த நாகராஜ் குறுக்கே வந்துவிட்டார்.

"பொம்மனஹள்ளி சார். வெரி நியர். வண்டி ரெடி."

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். ஷட்டரைத் தூக்கியதும் அடுப்பு திறந்ததுபோல் காற்று வந்து முகத்தில் அடித்தது. ஆன்ரி உள்ளே போய், மேல் வரிசை அட்டைப்பெட்டியில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். அந்தக் கையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். தூசி தவிர ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அவர் என் பக்கம் திரும்பி, அளவு ஏதாவது எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

கிராஃப் என் கைப்பையில் இருந்தது. தற்செயலாக அல்ல.

ஒரு வருடமாக யாருக்கும் வாசனை தெரியாத காகிதம். அன்று அவர் அதை நின்ற இடத்திலேயே, வியர்வை சொட்டச் சொட்ட, இரண்டு தரம் பார்த்தார். பிறகு வரைந்த பெண்ணை வரச் சொல்லுங்கள், அடுத்த மாடலைப் பற்றி அவளிடம்தான் பேச வேண்டும் என்றார்.

எம்.டி. சமாளிப்பதில் மன்னர். திரும்பும் வழியில் வண்டியிலேயே எல்லாம் சரியாகிவிட்டது. ஆபீஸுக்கு வந்ததும் ரேவதியிடம் போய், "உன் டிசைன்ல குத்தமே கிடையாதுன்னு நான் அப்பவே சொன்னேனே" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

நான் இதில் எம்.டி.யை மட்டும் குறை சொல்லவில்லை. நம் எல்லோர் வீட்டிலும் ஒரு ஷோகேஸ் உண்டு. எதை மதிக்கிறோமோ அதை நிற்கவைத்து, லைட் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறோம். எதை மதிக்கவில்லையோ அதைச் சுற்றிக் கட்டி இருட்டில் தள்ளுகிறோம். ஐந்து வருடம் கழித்துத் திறந்து பார்த்தால் எது நன்றாக இருக்கிறது? பொருளுக்கு மட்டும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் மாநில ரேங்க் வாங்கிய பிள்ளையை நடுக்கூடத்தில் நிற்கவைத்திருக்கும் பெற்றோர் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, மூன்றாவது எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். ஒரு ஸ்பூன் சுவைத்துப் பார்த்தேன். இதைப் படிக்கப்போகும் என் அம்மாவுக்கு: ஒரு ஸ்பூன்தான். நாவல்பழம் தின்ற பிறகு நாக்கில் நிற்குமே ஒரு துவர்ப்பு... அதில் ஆரம்பித்து வேறு எங்கோ போனது. எங்கே என்று சொல்ல எனக்கு அளவுகோல் இல்லை.

இன்றைய நிலவரம் இது. அடுத்த மாடல் எங்களுக்கே வந்துவிட்டது. ரேவதி அதை வரைந்துகொண்டிருக்கிறாள். சாயப்பட்டறை மாப்பிள்ளை காத்திருக்கிறார். பொம்மனஹள்ளி குடோனுக்குப் பொய்க்கூரையும் ஏ.சி.யும் வந்துவிட்டன. மைத்துனர் வாடகையை ஏற்றிவிட்டார். உள்ளே பதினெட்டு டிகிரி, இரவும் பகலும். ஊருக்குப் போன ஆன்ரி, தன்னிடம் மிச்சமிருந்ததில் இரண்டு பாட்டிலைத் தன் ஆள் மூலம் அனுப்பி, என் போர்டுகளோடு சேர்த்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். குடோனில், இருட்டில், பேப்பர் சுற்றிப் படுத்திருக்கின்றன. அங்கே பூஜை போட்ட நாளிலிருந்து மாடத்தில் ஒரு பிள்ளையார் இருந்தார். ஒயின் வருகிறது என்று தெரிந்ததும் நாகராஜ் அவரைப் பத்திரமாகத் தூக்கிவந்து, காலியாக இருந்த எம்.டி. அறை ஷோகேஸில் வைத்துவிட்டார். ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்கும் கோல்ஃப் கோப்பைக்கும் நடுவில், இரண்டு ஹாலஜன் பல்புக்குக் கீழே.

பித்தளைப் பிள்ளையார். தாங்குவார்.